ஒரு கிராம் கரிக்குள் 40 பேர்ச் காணி

முன்பக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சீமெந்துத் திண்ணை, அதற்கு மேலே மூன்று குழாய், நீலக் கான்களோடு ஒரு வரிசை, சில்லறை போட ஒரு பால்மா டின். திருகோணமலைப் பக்கம் இப்படியொரு ஆர்.ஓ. தண்ணீர்க் கொட்டிலின் முன்னால் நிற்காதவர் குறைவு. கான் நிறையும், காசைப் போடுவோம், வீட்டுக்குப் போவோம். பின்னால் ஒரு கதவு இருப்பதை யார் கவனித்தோம்? சீனக்குடாவைத் தாண்டி, கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் உள்ள ஒரு கொட்டிலில் அந்தக் கதவு எனக்குத் திறந்தது! செருப்பைக் கழற்றுங்கள். தலையைக் குனியுங்கள், தகரம் தாழ்வு. உள்ளே வாருங்கள்.

முதலில் அறைவது சத்தம். உயரழுத்த மோட்டர் ஓடுகிற ஓட்டத்தில் சுவரே அதிர்கிறது. பேசுவதென்றால் வாயைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். அடுத்தது வெக்கை. கூரைத் தகரத்தில் ஏறிய வெயிலும் மோட்டர்ச் சூடும் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் சட்டையை முதுகோடு ஒட்டிவிடுகின்றன. அதன் பிறகுதான் கண் பழகி, சாமான்கள் தெரியத் தொடங்குகின்றன. எத்தனை சாமான்! ஆளுயரத்தில் இரண்டு தாங்கிகள். ஒன்றின் தோளில் சோக்கட்டியால் ‘மணல்’, மற்றதில் ‘கரி’. சுவரில் ஒரு முருகன் கலண்டர், அருகிலேயே கிண்ணியாக் கடையொன்று கொடுத்த மக்காப் படக் கலண்டர். இரண்டிலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்ட திகதிகள். கரி கழுவிய நாள் முருகனில், மோட்டருக்கு எண்ணெய் விட்ட நாள் மக்காவில் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒருதரமும் குழம்பியதில்லையாம். மேசையில் ரொட்டி சுற்றிவந்த பேப்பர், கணக்குக் கொப்பி, இரண்டு ஸ்பனர், ஒரு பல் பிரஷ். மூலையில் வெள்ளை நிற நீள உருளைகள் நாலைந்து அடுக்கிக் கிடக்க, அவற்றின் மேல் ஈரச் சாரம் ஒன்று காய்கிறது.

“அது என்ன?”

“பென்சன் எடுத்த மெம்பிரேன்” என்கிறார் இந்தக் கொட்டிலை ஓட்டுகிறவர். ஊரில் எல்லாருக்கும் அவர் மோட்டர் அண்ணன்தான். நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டேன். “மூண்டு வருசம் உப்போட சண்டை பிடிச்சவர். இப்ப சாரம் காய வைக்கிறார். பாவம், சும்மா இருக்கேலாது அவருக்கு.”

பல் பிரஷ் எதற்கு என்று கேட்டேன். உப்பு அளக்கும் மீட்டரின் இரண்டு முனைகளைத் தேய்க்கவாம். தெரிந்துகொண்டதில் எனக்கு அவ்வளவு சந்தோசம்!

நான் இங்கே வந்தது கரியைப் பார்க்க. வெளியே விளம்பரப் பலகையில் ‘மெம்பிரேன் தொழில்நுட்பம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்; கரிக்கு ஓர் எழுத்தும் இல்லை. ஆனால் உள்ளே மோட்டர் அண்ணனின் கை அடிக்கடி தட்டிப் பார்ப்பது அந்தக் கரித் தாங்கியைத்தான். போகிறபோது ஒரு தட்டு, வருகிறபோது ஒரு தட்டு.

தண்ணீர் போகும் வழியைக் காட்டினார். கூடவே நடந்தேன், நீங்களும் நடவுங்கள். பின்வளவில் குழாய்க்கிணறு. கடல் கிட்டடி என்பதால் தண்ணீர் உவர். மேலே ஏற்றிய தண்ணீருக்குக் கிருமி சாகக் கொஞ்சம் குளோரின். பிறகு மணல் தாங்கி. சேறும் துருவும் அங்கே நிற்கும். பிறகு கரி. அதற்குப் பிறகு நூல் சுற்றிய ஒரு வெள்ளை வடிகட்டி, பிறகு அந்த அலறும் மோட்டர், பிறகு மெம்பிரேன், கடைசியில் நீல வெளிச்சம் வீசும் ஒரு விளக்கு. இத்தனையையும் பத்து எட்டில் நடந்து முடிக்கலாம். நடுவில் ஒரு வாளி, ஒரு தும்புத்தடி, தூங்கும் பூனை ஒன்று. பூனையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“இந்தக் குளோரினை விட்டது நாங்களே, பிறகு அதைப் பிடிக்கக் கரி வைக்கிறதும் நாங்களே” என்று சிரிக்கிறார். காரணம் இருக்கிறது. மெம்பிரேன் என்பது பொலியமைட் என்ற மெல்லிய தோல். உப்பை மறிக்கும் அந்த வீரனுக்குக் குளோரின் ஆகாது. பட்டால் தோல் அரித்துப்போகும். கரி தன் நுண்துளைகளில் குளோரினை முடித்துவிட்டுத்தான் தண்ணீரை உள்ளே அனுப்ப வேண்டும். கரி ஒருநாள் அசந்தாலும் பல ஆயிரம் ரூபாய் மெம்பிரேன் போச்சு.

கரி அசந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. கொட்டிலின் சங்கத்துக்குக் கணக்குப் பார்க்கும் அக்கா ஒருவர் காலையில் சின்னக் கண்ணாடிக் குப்பியோடு வருகிறார். கரித் தாங்கிக்கு முன்னால் உள்ள குழாயில் குப்பியை நிரப்பி, வெள்ளை மாத்திரை ஒன்றைப் போட்டுக் குலுக்குகிறார். தண்ணீர் அழகான றோசாப்பூ நிறத்துக்கு மாறுகிறது. குளோரின் உண்டு. குப்பியைக் கழுவி, கரிக்குப் பின்னால் உள்ள குழாயில் திரும்ப நிரப்புகிறார், மாத்திரை போடுகிறார், குலுக்குகிறார், கதவு வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார். கொட்டிலில் இருந்த எல்லாரும் கழுத்தை நீட்டுகிறோம். அண்ணனுக்கு உதவியாக இருக்கும் பொடியன் கையில் இருந்த பணிசைக் கடிக்காமல் நிற்கிறான்.

நிறமே இல்லை. தெளிந்த தண்ணீர்.

“பாஸ்” என்கிறார் அக்கா, ஆசிரியை விடைத்தாளில் கையெழுத்துப் போடுகிற தோரணையில். பொடியன் பணிசைக் கடிக்கிறான். றோசா நிறம் வந்த ஒரு நாளில் மோட்டர் அண்ணன் சோறும் தின்னாமல் கரி மாற்றினாராம். அக்கா அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு வால்வைத் துடைத்தார்.

அப்படியென்ன இருக்கிறது இந்தக் கரிக்குள்? அக்காவின் மகள் வளாகத்தில் வேதியியல் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒரு சிட்டிகைக் கரியை என் உள்ளங்கையில் வைத்தாள். கறுப்புக் கல்லரிசி அளவுத் துணுக்குகள், பாரமே தெரியவில்லை. “இது ஒரு கிராம் வரும். இதுக்குள்ள இருக்கிற துளைகளின்ர சுவரை எல்லாம் விரிச்சா ஆயிரம் சதுர மீற்றருக்கு மேல போகும்” என்றாள்.

மோட்டர் அண்ணன் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். காணி வாங்கி விற்ற அனுபவம் உள்ளவர். “அப்ப 40 பேர்ச். கால் ஏக்கர்!”

கால் ஏக்கர் காணி என் உள்ளங்கையில்! கையை மூடப் பயந்துபோனேன். பொடியன் உடனே கேட்டான்: “அண்ணே, தாங்கிக்குள்ள எத்தின ஏக்கர்? ஒரு வீடு கட்ட விடுவீங்களா?” அன்று முழுக்க அதே பகிடிதான். கரி மூட்டைக்குப் பக்கத்தில் யார் போனாலும் “உறுதி எழுதிற்றியா?” என்று ஒருவர் கேட்பார்.

அந்தத் துளைகளில் பெரும்பாலானவை இரண்டு நனோமீற்றருக்கும் குறைந்த அகலம். ஒரு தலைமயிரின் தடிப்பு 80,000 நனோமீற்றர் வரும் என்று சொன்னால் எவ்வளவு சின்னது என்று ஊகித்துக்கொள்ளுங்கள். துளை சின்னதாக இருப்பதால்தான் இவ்வளவு சுவர். மணமும் நிறமும் பூச்சிகொல்லி மிச்சமும் தண்ணீரோடு அந்தத் துளைகளுக்குள் நுழைந்து சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீர் தன்பாட்டில் வெளியே வருகிறது.

இப்போது சாரத்தை மடித்துக் கட்டுங்கள், கரி கழுவும் நேரம்.

தாங்கியின் தலையில் உள்ள கைப்பிடியை மோட்டர் அண்ணன் திருப்புகிறார். மேலிருந்து கீழே போன தண்ணீர் இப்போது கீழிருந்து மேலே பாய்கிறது. பின்பக்கக் குழாய் ஒரு தடவை இருமுகிறது, பிறகு கறுத்தத் தண்ணீரைப் பீச்சுகிறது. இதைத்தான் பேக்வொஷ் என்கிறார்கள். குழாயின் வாயைப் பிடித்திருக்கிற பொடியனின் முழங்கால் வரை கறுப்பு. “பழைய காற்சட்டை போட்டுக்கொண்டு வா எண்டு சொன்னனான்” என்று அண்ணன் கத்துகிறார், “இதுதான் அண்ணே பழசு!” என்று பதில் கத்தல். கறுப்பு சாம்பலாகிறது, சாம்பல் வெளுக்கிறது. தெளிய எத்தனை நிமிடம் என்று யாரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. அண்ணன் ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து, அதற்குப் பின்னால் கலண்டரைப் பிடிக்கிறார். திகதி வாசிக்க முடிந்தால் காணும்.

புதுக் கரி போடும் நாள் இதைவிடக் கோலாகலம் என்றார்கள். மூட்டையை அவிழ்த்த உடனே தூசு எழும்பி எல்லாருக்கும் தும்மல். கரியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, குமிழி அடங்கும்வரை வைத்து, பிறகு ஏணியில் ஏறி வாளி வாளியாகத் தாங்கிக்குள் கொட்ட வேண்டும். அந்தக் குமிழிகளைப் பார்க்கச் சின்ன வாளி ஒன்றில் ஊறப்போட்டுக் காட்டினார்கள். சடசடவென்று ஊசி முனையளவு குமிழிகள் வந்துகொண்டே இருந்தன: துளைகளுக்குள் இருந்த காற்று தண்ணீருக்கு இடம் விட்டு வெளியேறுகிறது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் இப்படித் தங்கள் இருப்பைக் காட்டுவதை நான் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எழும்ப மனம் வரவில்லை.

மெம்பிரேன் மாற்றுவதையும் பார்க்கக் கிடைத்தது, அதிர்ஷ்டம்தான்! நீள வெள்ளைக் குழலின் மூடியைக் கழற்றி, பழையதை இருவர் பிடித்து இழுக்கிறார்கள். வரமாட்டேன் என்கிறது. அண்ணன் காலை மோட்டர்க் கட்டையில் ஊன்றி இன்னொரு இழுவை. சளப்பென்ற சத்தத்தோடு தண்ணீரும் மெம்பிரேனும் மூன்று பேரும் நிலத்தில். பூனை ஓடிவிட்டது. புதியதைச் செருகுமுன் ஓ-ரிங்குக்குக் கிளிசரின் பூச வேண்டும். ரிங் எங்கே? மேசையில் இல்லை, டின்னுக்குள் இல்லை, பேப்பருக்குக் கீழே இல்லை. எல்லாரும் தேடி முடித்த பிறகு பொடியன் தன் மணிக்கட்டைக் காட்டினான். தொலையக்கூடாது என்று காப்பாகப் போட்டுக்கொண்டிருக்கிறான்!

பழைய மெம்பிரேனை எனக்காக அறுத்துக் காட்டச் சம்மதித்தார்கள். 4 அங்குல அகலம், 40 அங்குல நீளம். வெளித்தோலை வாளால் கீறிப் பிரித்தால் உள்ளே சுருள் சுருளாகத் தாள். விரிக்க விரிக்கக் கொட்டிலைத் தாண்டிப் பின்வளவு வரை போகிறது, ஏறக்குறைய 80 சதுர அடி. பளபளப்பான வெள்ளைப் பக்கத்தில் மண்ணிறப் படலம், விரலால் தொட்டால் வழுவழுப்பு. மூன்று வருடம் ஊர் குடிக்காமல் தப்பியது இந்தப் படலத்தைத்தான். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, “இதையா நாங்க குடிச்சிருப்பம்!” என்றார்.

இந்தத் தாளுக்குப் பின்னால் நம் பக்கத்துப் பெயர் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சிட்னி லோப் என்பவரும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், 1950களின் கடைசியில், உப்பை மறித்துத் தண்ணீரைத் தாராளமாக விடும் முதல் பயனுள்ள படலத்தைச் செய்தார்கள். 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூருக்கு அந்த முறையில் குடிதண்ணீர் கிடைத்தது. சௌரிராஜன் பிறகு கனடாவின் ஒட்டாவாவில் பல ஆண்டுகள் இதே வேலையாக இருந்தார். இந்தப் பெயரைக் கொட்டிலில் சொன்னபோது மோட்டர் அண்ணன் திரும்பக் கேட்டுக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். அந்தக் காட்சிக்காகவே நான் இன்னொரு தடவை வருவேன்.

இலங்கையில் இப்படிப்பட்ட கொட்டில்கள் பெருகியதற்கு ஒரு துயரமும் காரணம். 1990களில் வடமத்திய மாகாண உழவர்களிடையே கண்ணில் பட்ட, காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் நம் மாவட்டத்தின் பதவிசிறிபுர வரை எட்டியிருக்கிறது. கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் சந்தேகத்துக்குள்ளான பின், நல்ல குடிதண்ணீர் கொடுப்பதே முதல் வேலை என்று ஆயிற்று. கடற்படையின் ஆராய்ச்சிப் பிரிவு 2015 கடைசியில் தானே ஆர்.ஓ. இயந்திரங்களைச் செய்து ஊர்களில் பூட்டத் தொடங்கியது. இன்று அவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் யாழ்ப்பாணம் தாளையடிக்குப் போகலாம்: 2024 ஆகஸ்டில் திறந்த கடல்நீர் ஆலை, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீருக்காகக் கட்டப்பட்டது. அந்த ஆலையையும் மதிக்கிறேன். ஆனால் பூனையைத் தாண்டிப் போகிற இந்தக் கொட்டில்தான் எனக்கு நெருக்கம்.

சரி, கரி எங்கிருந்து வருகிறது? வாருங்கள், ஓட்டோ காத்திருக்கிறது. கிண்ணியாவுக்குப் போவோம்.

2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம்; அதற்கு முன் இந்தத் தண்ணீரைப் படகுப் பாதையில்தான் கடக்க வேண்டும். பாலத்தின் நடுவில் காற்று முகத்தைத் துடைக்கிறது. இடது வலது இரண்டு பக்கமும் நீலம். ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைக்கிறார், இதைப் பார்க்கத்தானே வந்தீர்கள் என்ற நினைப்பில். நான் வந்தது புகை பார்க்க என்றதும் அவருக்கு ஒரே ஆச்சரியம்.

தென்னந்தோப்பின் ஓரத்தில் சிரட்டை மலை. தேங்காய் உடைக்கும் இடங்களிலிருந்தும் சாப்பாட்டுக் கடைகளிலிருந்தும் உரப்பைகளில் வந்து சேர்ந்த சிரட்டைகள், கவிழ்ந்தும் நிமிர்ந்தும். தும்பு போக, ஈரம் போக, வெயிலில் காய்கின்றன. பக்கத்தில் செங்கல் கட்டிய குழிகள். ஒன்றில் புகை திரண்டு வெள்ளையாக எழும்புகிறது. குழிக்குப் பொறுப்பான நானா தலையில் ஈரத்துவாய் கட்டிக்கொண்டு புகையையே பார்த்தபடி நிற்கிறார்.

“வாங்க தம்பி, இந்தப் பக்கமா நில்லுங்க, காத்து மாறும்.” சொல்லி முடிக்குமுன் காற்று மாறியது, கண்ணெல்லாம் எரிச்சல், எல்லாரும் சிரிப்பு.

அவருடைய வேலை முழுக்கக் கண்ணிலும் மூக்கிலும். குழியின் அடியில் கொஞ்சம் சிரட்டையைப் பற்றவைத்து, அது பிடித்ததும் மேலே மேலே கொட்டிக்கொண்டு வர வேண்டும். காற்றுக் கூடினால் கரி சாம்பலாகும். குறைந்தால் சிரட்டை சிரட்டையாகவே கிடக்கும். வெள்ளைப் புகை என்றால் ஈரமும் எண்ணெய்ப்பசையும் இன்னும் போகிறது. புகை மெலிந்து நீலம் தட்டியதும் தகரத்தால் மூடி, விளிம்பெல்லாம் மண் பூசி, காற்றுப் போகாமல் அடைக்க வேண்டும். இரவில் இரண்டு மூன்று தடவை எழும்பி வந்து பார்ப்பார். “மகள்ர கலியாணத்தண்டும் வந்து பாத்தன். புதுச் சட்டையோட!” என்றார். பக்கத்தில் நின்ற மனைவி, “அந்தச் சட்டையில இன்னும் மண் போகல்ல” என்று கணக்கைத் தீர்த்தார்.

மூன்று பங்கு சிரட்டை போட்டால் ஒரு பங்கு கரிகூட முழுசாகத் தேறாது. மற்றதெல்லாம் புகையாக வானத்துக்கு. அதுதான் இந்தத் தொழிலின் வருத்தமும்கூட. அயலவர்களின் கொடியில் காயும் துணிகள் புகை மணக்கின்றன. நானாவுக்கு இருமல் உண்டு. மேற்கே படல்கமவில் இதே வேலையை மூடிய உலையில் செய்து, வரும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அப்படியொன்று இந்தக் கரைக்கும் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன், நானாவின் நெஞ்சுக்காகவும்.

குளிர்ந்த குழி ஒன்றைத் திறந்தார்கள். தகரம் நீங்கியதும் உள்ளே சிரட்டையின் வடிவம் அப்படியே, ஆனால் தலை முதல் கால் வரை கறுப்பு. உடைத்த விளிம்பு மினுங்குகிறது. தரம் பிரிக்கும் பெண்கள் இருவர் பலகையில் குந்தியிருந்து ஒவ்வொரு துண்டாகக் கல்லில் போடுகிறார்கள். நன்றாகக் கரிந்தது என்றால் டிங் என்று உலோகச் சத்தம். அரைகுறை என்றால் தொப். டிங், டிங், டிங், தொப். தொப் விழுந்த துண்டு திரும்பக் குழிக்கு. என் கையிலும் ஒன்றைக் கொடுத்தார்கள். டிங்! அவர்கள் கை தட்டினார்கள். கன்னத்தில் கரி பட்ட ஒருவர் கைபேசியை எடுத்து முகத்தைப் பார்த்து, “பவுடர் போட்டாச்சு, படம் எடுங்க” என்றார். எடுத்தேன். பெயர் போடக்கூடாது என்று ஒப்பந்தம்.

இங்கிருந்து லொறி ஏறும் கரி நாட்டின் மறுகரைக்குப் போகிறது. அந்தப் பக்கத்தில்தான் ஆலைகள். 1973இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனத்துக்குப் படல்கமவிலும் மாதம்பையிலும் ஆலைகள் இருக்கின்றன. அங்கே 800 பாகை செல்சியசுக்கும் மேலான சூட்டில் கரிக்குள் நீராவியைச் செலுத்துகிறார்கள். நீராவி கரியை உள்ளுக்குள் நுணுக்கமாக அரித்து, அந்தக் கணக்கில்லாத துளைகளைத் திறந்துவிடுகிறது. கிண்ணியாக் கரி 40 பேர்ச் காணியாவது அந்த உலைக்குள்தான். சிரட்டை வலிமையான பொருள் என்பதால் அதன் கரி கழுவலில் எளிதில் உடையாது, துளைகளும் பெரும்பாலும் மிகச் சின்னவை; அதனால்தான் தண்ணீருக்கும் வாயுவுக்கும் இதற்கு இவ்வளவு கேள்வி. முதலாம் உலகப் போரில் நச்சுப்புகைக்கு எதிரான முகமூடிகளின் டின்களுக்குள் இருந்ததும் சிரட்டைக் கரிதான். அதற்கும் முன்னே, பாய்மரக் கப்பல் காலத்தில், நீண்ட பயணத்தில் தண்ணீர் கெடாதிருக்கப் பீப்பாயின் உட்புறத்தைக் கரிக்கும் வழக்கம் இருந்தது. எத்தனையோ கப்பல்கள் தண்ணீர் ஏற்ற ஒதுங்கிய துறைமுகம் இது. அந்தக் கரியின் வாரிசு இன்று கொட்பே வீதியில் சோக்கட்டிப் பெயரோடு நிற்கிறது.

திரும்பி வந்தபோது கொட்டிலில் மாலைத் தேநீர். நானா கொடுத்த டிங் துண்டை அக்காவின் மகளிடம் கொடுத்தேன். அவள் அதைத் தட்டிக் கேட்டுவிட்டுச் சொன்ன கதை எங்கள் எல்லாரையும் வாயடைக்க வைத்தது. இதுவரை கரி ஒட்டவைக்கிற வேலைதான் செய்தது. உப்பை மறிக்கும் வேலை பிளாஸ்டிக் தாளுக்கு. இப்போது கரியையே தாளாக்கப் பார்க்கிறார்கள்! விசேட பிளாஸ்டிக் படலமொன்றைக் காற்றில்லாமல் சுட்டால் அது கரியாகும். துளைகள் தனித்தனி மூலக்கூறுகளைப் பிரிக்கும் அளவுக்குச் சின்னதாக அமையும். 1983இல் இஸ்ரேலிய ஆய்வாளர்களான கோரெஷும் சோபரும் இதைச் செய்து காட்டினார்கள். ஒன்றைவிட ஒன்று மயிரிழை பெரிதான இரண்டு வாயுக்களில் சிறியதை விட்டு மற்றதை மறிக்கும். கரியமிலவாயுவை இயற்கை எரிவாயுவிலிருந்து பிரிப்பதற்கெல்லாம் இதை முயல்கிறார்கள்.

“அப்ப உடையாதா?” நானாவின் குழியைப் பற்றி இப்போதுதான் நான் சொல்லி முடித்திருந்ததால் பொடியனுக்கு அந்தக் கவலை.

“உடையும். அதுதான் பெரிய தலையிடி” என்றாள். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். கரியின் குணம் நமக்கும் தெரியும்!

அடுத்தது இன்னும் கிட்டடிக் கதை. பென்சில் கரியின் ஒற்றை அணுப் படுகையை ஒக்சிசனோடு சேர்த்து அடுக்கினால் வரும் கிராபீன் ஒக்சைட் படலம் தண்ணீர் ஆவியை ஓடவிட்டு, ஹீலியத்தைக்கூட மறித்தது என்று மான்செஸ்டரில் கண்டவர்களில் முன்னணியில் நின்றவர் ராகுல் நாயர், கேரளத்தில் பிறந்தவர், அது 2012. ஐந்து வருடத்தில் அதே குழு அந்தப் படலத்தின் இடைவெளியை இறுக்கிக் கடல் உப்பை வடித்துக் காட்டியது. அந்தப் பென்சில் கரி நம் நாட்டில் கஹட்டகஹவிலும் போகலவிலும் நிலத்துக்குள் நரம்பு நரம்பாகக் கிடக்கிறது. இவ்வளவு தூய்மையாக உலகில் அரிது. ஹோமாகமவில் உள்ள ஸ்லின்டெக் நிறுவனம் அதிலிருந்து கிராபீன் வகைகளைச் செய்யும் ஆய்வில் இறங்கியிருக்கிறது.

மோட்டர் அண்ணன் தேநீரை வைத்துவிட்டு எழும்பிப் போய்க் கரித் தாங்கியை ஒரு தட்டுத் தட்டினார். “கேட்டியா? உனக்கு புறமோசன் வருதாம்.”

அந்த நேரம் வாசலில் ஹோர்ன். ஆழ்கடல் படகொன்று இரவில் புறப்படுகிறது. பல நாள் கடலில் நிற்கும், தண்ணீர் வேண்டும். சின்ன லொறியில் வெற்றுக் கான்கள் கடகடவென்று வந்திறங்கின. நாங்களும் வரிசையில் நின்று கை மாற்றிக் கை மாற்றி ஏற்றினோம். என் இரண்டு உள்ளங்கையிலும் கைப்பிடி அச்சு. அக்கா மீட்டரை ஒரு கானில் விட்டு உரக்க வாசித்தார்: 42. கிணற்றடியில் அது 1,400க்கு மேல் காட்டியிருந்தது. மறிபட்ட உவர்த் தண்ணீர் வீணாவதில்லை. படகுத் தளம் கழுவ அதைத் தனித் தாங்கியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

படகின் சமையற்காரருக்கு மட்டும் ஒரு குறை. “இந்தத் தண்ணி சப்பெண்டு இருக்கு. டவுன் பைப் தண்ணிதான் ருசி.” கந்தளாய்க் குளத்திலிருந்து நகரத்துக்கு வரும் குழாய்த் தண்ணீரைச் சொல்கிறார். மோட்டர் அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. உடனே போட்டி! இரண்டு கேத்தல், ஒரே தேயிலை, ஒரே அளவு சீனி. எது எந்தத் தண்ணீர் என்று அக்காவுக்கு மட்டும் தெரியும். மாலுமிகள் நாலு பேரும் ஓட்டோக்காரரும் நானும் குடித்துப் பார்த்தோம். ஒரு கோப்பையில் சாயம் தெளிவாக, தங்க நிறத்தில். மற்றதில் கொஞ்சம் கறுப்பு, மேலே மெல்லிய ஆடை. சமையற்காரர் இரண்டையும் மாறி மாறி உறிஞ்சி, கண்ணை மூடி, கடைசியில் தங்க நிறத்தைத் தூக்கினார்.

“இதுதான் டவுன் தண்ணி. எனக்குத் தெரியாதா?”

அக்கா கெக்கட்டமிட்டுச் சிரித்தார். பொடியன் விசிலடித்தான். மோட்டர் அண்ணன் ஒன்றும் பேசாமல், இன்னும் பத்துக் கான் எடுத்து லொறியில் ஏற்றச் சொன்னார். சமையற்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேயிலை இன்னும் ஒரு பக்கற் வேண்டும் என்று மட்டும் லொறிக்காரரிடம் கத்தினார்.